ஒரே குத்து, நாலு குழாய்

"என்ன கலர் வேணும்னு மட்டும் மேடம் சொல்லிட்டா போதும் சார், மத்ததை நாம பேசி முடிச்சிரலாம்" என்றான் வண்டிக் கடை சேல்ஸ்காரன், அவளுடைய கொழுந்தனைப் பார்த்து.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. வண்டியை ஓட்டப்போவது அவள். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் பதினான்கு வீடுகளின் படியேறி, பதினான்கு பேர் கையில் ரத்தம் எடுத்து, பெட்டியில் அடுக்கி லேபில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியது அவள். கொழுந்தன் ஓட்டப்போவது வாயை மட்டும்தான். ஆனால் உள்ளே நுழைந்ததிலிருந்து நாற்காலி அவனுக்கு, குளிர்ந்த தண்ணீர் அவனுக்கு, மைலேஜும் பிக்கப்பும் அவனுக்கு. அவள் கையில் வண்ண அட்டை ஒன்றைத் திணித்துவிட்டார்கள், அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பதுபோல.

போன வருடமும் இதே கூத்துதான். இதே நாற்காலி, இதே அட்டை. "அவனைக் கூட்டிட்டுப் போ, வண்டின்னா அவனுக்கு அத்துப்படி" என்று வீட்டுக்காரர் சொல்ல, அவளும் கூட்டிக்கொண்டு வந்து, கேட்ட ஒரே கேள்விக்கு "சிவப்பு" என்று பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அந்தச் சிவப்பு வண்டி இப்போது கடை வாசலில் சாய்ந்து நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் அதை எட்டி உதைக்கவேண்டும்போல அவளுக்குக் கால் துறுதுறுத்தது.

லேபில் அவளுக்குக் கொசு என்று பெயர். ஒரு பெரியவர் வைத்தது. ஊசி இறங்கி, குழாய் நிரம்பி, பஞ்சும் ஒட்டியான பிறகு "என்னம்மா, இன்னும் குத்தலையா?" என்று கேட்டவர், விஷயம் தெரிந்ததும் "கொசுகூட இதைவிட வலிக்கக் கடிக்குமே" என்றார். மற்றவர்கள் கேலியாகத்தான் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கோ அது யாரும் கொடுக்காத பட்டம். எட்டு வருடமாக அந்தப் பட்டத்தை அவள் கட்டிக் காத்தாள்.

ஆறு மாதமாக அதற்குத்தான் வந்தது கேடு. எடுத்த ரத்தத்தை லேபில் மெஷினில் வைத்துச் சுற்றுவார்கள். அடர்த்தியானது கீழே இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்த நீர் வைக்கோல் நிறத்தில் இருக்கவேண்டும். ரத்த அணுக்கள் உடைந்திருந்தால் அது சிவந்துபோகும். பரிசோதனை எண்கள் பொய் சொல்லும். குழாயைத் தூக்கிப்போட்டுவிட்டு அந்த மனிதரை மறுபடியும் குத்தவேண்டும். கொசு கொண்டுவரும் குழாய்கள் வாரத்துக்குப் பத்துக்குமேல் சிவந்தன.

ஏன் சிவந்தது என்று எழுத லேபில் ஒரு படிவம் உண்டு. அதில் மூன்றே மூன்று கட்டங்கள்: பெயர் தவறு, குழாய் தவறு, குத்தியது தவறு. பெயரும் சரி, குழாயும் சரி என்றால் மிச்சமிருப்பது மூன்றாவது. மேற்பார்வையாளர் கண்ணை மூடிக்கொண்டு அதில் டிக் போடுவார். டிக்குகள் சேர்ந்தால் சுவரில் தொங்கும் பலகையில் பெயருக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் ஊசிப் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்மேசையில் உட்கார்த்திவிடுவார்கள், வருகிறவர்களுக்கு டோக்கன் கிழித்துக் கொடுக்க. கொசுவுக்கு இரண்டு விழுந்துவிட்டது.

"வயசாகுதுல்ல மேடம், கை லேசா நடுங்க ஆரம்பிச்சிருக்கும். அதை நாமளே ஒத்துக்கணும்" என்றார் மேற்பார்வையாளர், ஏதோ பெருந்தன்மை காட்டுவதுபோல. அவளுக்கு முப்பத்தொன்பது வயது. அன்று வீட்டுக்குப் போய் ஒரு டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் குக்கர் கூவி அடங்கும்வரை நின்றாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்படியும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாள் ஊசியைக் கையில் எடுத்தபோது, எட்டு வருடத்தில் முதல்முறையாக அவள் தன் விரல்களைப் பார்த்தாள்.

எல்லாவற்றையும்விட அவள் வயிற்றெரிச்சல் டெய்லரம்மா விஷயத்தில்தான். பெரிய நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷி, வாரா வாரம் ரத்தம் பார்க்கவேண்டும், நரம்போ நூலிழை. கொசுவைத் தவிர வேறு யார் போனாலும் நாலு இடத்தில் தோண்டிவிட்டு வருவார்கள். அந்த அம்மாவை ஒரே மாதத்தில் மூன்று தடவை திரும்பக் குத்தவேண்டி வந்தது. அதுபோதாதென்று, ஒரு குழாய் லேசாகத்தான் சிவந்திருக்கிறது என்று லேபில் விட்டுவிட்டார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ஆபத்தான அளவில் ஏறியிருப்பதாக ரிப்போர்ட் போனது. அரக்கப்பரக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, நெஞ்சில் வயர் ஒட்டி ஒரு நாள் முழுக்கப் படுக்கவைத்து, சாயங்காலம் "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். மறுவாரம் டெய்லரம்மா லேபுக்குப் போன் போட்டு, "அந்தப் பொண்ணை இனிமே அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் பின் டயர் பஞ்சரானது. கொசு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். ஏழு வீடுதான் முடிந்தது, மீதி ஏழு வீட்டுக்காரர்களிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆனால் ஒரு குழாய்கூடச் சிவக்கவில்லை. மறுநாள் வண்டியில் போனாள். மூன்று சிவந்தது.

அவள் நேராக வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய் இஞ்சினை ஓடவிட்டு, பின்னால் பெட்டி இருக்கும் கேரியர்மேல் உள்ளங்கையை வைத்தாள். ஒரு நிமிடத்தில் கை மரத்துப்போனது. இந்த நடுக்கத்தில்தான் ஆறு மாதமாக ஊரார் ரத்தம் பயணம் செய்திருக்கிறது. அதற்கு முந்தி ஒழுங்காகத்தானே இருந்தது என்று யோசித்தவளுக்கு உடனே ஞாபகம் வந்தது: ஆறு மாதத்துக்கு முன்னால் கொழுந்தன் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய்ப் பின்பக்க ஷாக் அப்சார்பரை இறுக்கிக்கொண்டு வந்தான். "டைட்டா இருந்தாத்தான் அண்ணி வளைவுல வண்டி நிக்கும்!" எந்த வளைவு? அவள் முப்பதைத் தாண்டி ஓட்டுவதே கிடையாது. ஷாக்கைத் தளர்த்திப் பார்த்தாள். ஆறு மாதக் குலுக்கலில் வண்டியே ஆட்டம் கண்டிருந்தது; நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். பெட்டியைத் தோளில் மாட்டிப் பார்த்தாள்; உடம்புச் சூடு ஏறுகிறது, தோளில் மாட்டக்கூடாது என்று லேபில் கத்தினார்கள். வண்டியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அதற்குத்தான் இன்று வந்திருக்கிறார்கள். இதோ, மறுபடியும் வண்ண அட்டை.

"அட்டை வேணாம்" என்று அதை மேசைமேல் வைத்தாள் கொசு. "எந்த வண்டி ஆடாம போகும்? அதைச் சொல்லுங்க."

சேல்ஸ்காரன் சிரித்தான். "லேடீஸுக்கு ஸ்கூட்டரே நல்லது மேடம்."

"சின்ன சக்கரம். ஒவ்வொரு குழியும் நேரா பெட்டிக்கு வரும். ஓட்டிப் பாத்துட்டேன். வேற சொல்லுங்க."

"அண்ணி, நீங்க சும்மா இருங்க" என்று கொழுந்தன் எழுந்தான். நடுக்கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், பின்பக்கத்தைத் தேள்போலத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு வண்டியின் டாங்கைத் தடவினான். "இதுதான். புது மாடல். என்னா கெத்து பாருங்க! போன தடவை எடுத்ததுக்கு அண்ணன் இது."

"போன தடவை எடுத்ததுக்கு அண்ணன்னா எனக்கு வேணாம்."

"ஐயோ அண்ணி, உங்க வேலையில ஏதோ தப்பு நடக்குது. அதுக்கு வண்டி என்ன பண்ணும்? வண்டியா ஊசி குத்துது?"

அவன் அதைச் சத்தமாகத்தான் சொன்னான். சேல்ஸ்காரனும், ரசீது போடும் பெண்ணும், ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பினார்கள். ஆறு மாதம் மேற்பார்வையாளரிடம் விழுங்கியதெல்லாம் கொசுவின் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அவள் கத்தவில்லை. கோபம் உச்சிக்குப் போனால் அவளுக்குக் குரல் இறங்கிவிடும்.

"உக்காரு தம்பி" என்றாள். "சட்டைக் கையை மடக்கு."

"எதுக்கு?"

"என் கை தப்பா, உன் வண்டி தப்பான்னு இப்பவே பாத்துருவோம். ஊர்ல வண்டியைப் பத்தி இவ்ளோ தெரிஞ்சவனுக்கு ஒரு ஊசிக்கு என்ன பயம்?"

பயம் இருந்தது. நூற்றிருபதில் பறக்கிறேன் என்று மார்தட்டும் ஆள், அவள் தன் பையைத் திறந்து எடுத்த ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனான். ஆனால் நாலு பேர் பார்க்கிறார்கள். பின்வாங்கினால் மானம் போகும். கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் நரம்பு கயிறுமாதிரி புடைத்து நின்றது. கொசு கையைக் கழுவித் துடைத்து, உறை போட்டு, ரப்பர் பட்டையைக் கட்டி, ஒரே குத்தில் நாலு குழாய் நிரப்பினாள்.

"குத்தும்போது சொல்லுங்க அண்ணி" என்றான் அவன் சுவரிடம்.

"முடிஞ்சிருச்சு" என்றாள் அவள்.

குழாய்களில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டாள். முதல் குழாயை ஸ்டாண்டில் நிறுத்தி மேசைமேல் வைத்து, "இதை யாரும் தொடக்கூடாது. ஃபேனைக்கூட இந்தப் பக்கம் திருப்பக்கூடாது" என்று சேல்ஸ்காரனிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான். மேடம் யார் என்பது அவனுக்கு இப்போதுதான் புரிய ஆரம்பித்திருந்தது.

அந்த முதல் குழாயை அவளே இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள். எந்த வண்டியிலும் ஏறாமல் மேசைமேல் நிற்கிற அதுவும் சிவந்துவிட்டால்? அப்புறம் வண்டியைச் சொல்லிப் பயனில்லை. மேற்பார்வையாளர் சொன்னது சரி என்று ஆகும். பரவாயில்லை, ஆகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்தே தொலையட்டும்.

கடையில் இருந்த வண்டி ஒவ்வொன்றையும் ஓடவிடச் சொல்லி, வால்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். மூலையில், தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில், தூசி படிந்து ஒன்று நின்றது. நீளமான தட்டை சீட், நிமிர்ந்து உட்காருகிற ஹேண்டில்பார், ஒரு பளபளப்பும் இல்லை. ஓடவிட்டால் ஓடுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்கவேண்டியிருந்தது.

"அது தாத்தா வண்டி அண்ணி!" என்றான் கொழுந்தன், கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே.

"அதை யாரும் கேக்கறதில்ல மேடம்" என்றான் சேல்ஸ்காரன். "ஆனா வாங்கினவங்க யாரும் திரும்பிச் சண்டைக்கு வந்ததும் இல்ல."

கொசு ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தது. அந்தச் சிவப்புச் சனியனில் ஒரு வருடமாக நுனிவிரலில் பரதம் ஆடிக்கொண்டிருந்தவளுக்கு, அதுவே பாதி வரம் கிடைத்ததுபோல இருந்தது.

முதல் சவாரி அதற்குத்தான். எடுத்த சூட்டோடு இருக்கும் புது ரத்தம்தான் சட்டென்று உடையும். தனக்குப் பிடித்த வண்டிக்குச் சலுகை காட்டினாள் என்று நாளைக்கு ஒருத்தன் வாய் திறக்கக்கூடாது. இரண்டாம் குழாயைப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மார்க்கெட் பின்சந்து, தண்டவாளம், வரிசையாக ஐந்து வேகத்தடை, தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளச் சாலை என்று சுற்றிக்கொண்டு திரும்ப நாலு கிலோமீட்டர். மூன்றாம் குழாயோடு தேள் வண்டியில் அதே சுற்று. நான்காம் குழாயோடு தன்னுடைய சிவப்பு வண்டியில் அதே சுற்று. ஒவ்வொன்றும் அதே முப்பது வேகம், அதே பள்ளங்கள். மூன்றாவது முறை போனபோது சந்தில் காய் விற்கிறவர், "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டார்.

"ஆமா, பேரை" என்று சொல்லிவிட்டுப் போனாள் கொசு.

லேப் அதே தெருவில் ஆறு கடை தள்ளித்தான். நாலு குழாயையும் ஸ்டாண்டோடு கொழுந்தன் கையில் கொடுத்து, "ஆடாம நட" என்றாள். அது தன் ரத்தம் என்பதாலோ என்னவோ, அவன் அடிமேல் அடி வைத்து, விளக்கு ஏந்தி வருகிற பெண்பிள்ளைபோல வந்தான்.

முன்மேசையில் டோக்கன் அக்கா இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்புவரை அவளும் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தவள். மூன்று புள்ளி விழுந்து இங்கே உட்கார்ந்தவள். அதிகம் பேசமாட்டாள். டோக்கன் கிழிப்பாள், "அடுத்தது" என்பாள். கொசு விஷயத்தைச் சொன்னதும் நாலு குழாயையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய், அவளே மெஷினில் அடுக்கி மூடினாள்.

மெஷின் சுற்றுகிற பத்து நிமிடமும் கொசு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். நின்றதும் மூடியைத் திறந்த அக்கா, குழாய்களை வெளிச்சத்தில் வரிசையாக நிறுத்தினாள். சரியாக அந்த நேரத்துக்கு மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார். குழாயைக் கண்டால் அவருக்குத் தீர்ப்புச் சொல்லாமல் இருக்க முடியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். நான்காவது குழாய் மாதுளைச் சாறுபோல இருந்தது.

"இதை யார் எடுத்தது?" என்றார். "கை சுத்தமா சரியில்ல. குத்தியது தவறு."

மூன்றாவது இளஞ்சிவப்பு. "இவங்களும் கத்துக்கணும். இதுவும் குத்தியது தவறுதான்."

ஒன்றும் இரண்டும் வைக்கோல் நிறத்தில் தெளிந்து நின்றன. அவர் நிமிர்ந்து, கொசுவின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா மேடம்? இதுதான் நல்ல கை. இந்த ரெண்டையும் எடுத்தவங்க யாருன்னு கேட்டு, அவங்ககிட்டப் போய்க் கத்துக்கோங்க."

கொசுவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. முதல் குழாய் தெளிந்திருந்தது. அவள் கை அவளிடமே இருந்தது. அந்த நிம்மதி ஒரு நொடிதான். அதன் பின்னாலேயே கோபம் வந்தது, ஆறு மாதக் கோபமும் மொத்தமாக.

"நாலும் நான் எடுத்தது சார். இதோ நிக்கிறானே, இவன் கையில. ஒரே குத்து, நாலு குழாய். ஒண்ணு மேசைமேல நின்னது. மத்த மூணும் மூணு வண்டியில போனது. உங்க படிவத்துல வழி எப்படின்னு ஒரு கட்டம் இருக்கா? யார் எந்த வண்டியில வர்றான்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களா? வயசாகுதாம், கை நடுங்குதாம்! டெய்லரம்மாவை நாள்பூரா வயர் மாட்டிப் படுக்கவெச்சோமே, அது எந்தக் கட்டத்துல சார் வரும்?"

மேற்பார்வையாளர் குழாய்களைப் பார்த்தார், கொழுந்தன் கையில் ஒட்டியிருந்த ஒற்றைப் பஞ்சைப் பார்த்தார். அவர் காது சிவந்தது. "சரி, வண்டியை மாத்திருங்க" என்றார். "புள்ளி பத்தி மேல கேட்டுத்தான் சொல்லணும். போட்டதை எடுக்கிற வழக்கம் இல்ல."

"சாரி அண்ணி" என்றான் கொழுந்தன், கீழே பார்த்துக்கொண்டு. அதற்குப் பதில் சொல்ல கொசு வாயைத் திறந்தாள். அப்போதுதான் அக்கா பேசினாள்.

"அந்த நாலாவது எந்த வண்டி?"

"நான் தினமும் ஓட்டிட்டு வர்றேனே, அந்தச் சிவப்பு. இவன் ஷாக்கை வேற இறுக்கி வெச்சிருந்தான்."

"என் வீட்டுக்காரரும் இறுக்கி வெச்சார்" என்றாள் அக்கா. "இதே வண்டிதான். என்னோடது கறுப்பு."

அக்கா நான்காம் குழாயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு வருஷம்" என்றாள். "என் கைதான் கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க. நானும் நம்பினேன். வீட்ல பிள்ளைக்கு முள் குத்தினாக்கூட எடுக்கிறதில்ல, வேற யாரையாவது கூப்பிடுவேன்."

கொசுவுக்கு யாரோ பளாரென்று கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. மேற்பார்வையாளர் கேட்கவில்லை, சரி. அவள் கேட்டாளா? தினமும் இந்த மேசையைத் தாண்டித்தானே போனாள்? பாவம், அக்காவுக்குக் கை போய்விட்டது என்று உச்சுக்கொட்டியதோடு சரி. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, தன் கை அப்படி இல்லை என்று. இப்போது தன்மேல் வந்த ஆத்திரத்தின் முன்னால் மற்றவர்கள்மேல் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சட்டைக் கையை மடக்கி, முன்கையை மேசைமேல் டோக்கன் கட்டுக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

"எடுங்க அக்கா."

"போடி, விளையாடாத."

"விளையாடல. எடுங்க."

"அவங்களுக்கு இப்போ அனுமதி கிடையாது" என்று ஆரம்பித்தார் மேற்பார்வையாளர். கொசு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மீதி வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

அக்கா கையைக் கழுவினாள், ரொம்ப நேரம் கழுவினாள். உறை மாட்டும்போது விரல்கள் நடுங்கத்தான் செய்தன. பட்டையைக் கட்டி, நரம்பை விரல் நுனியால் தடவிப் பார்த்ததும் நடுக்கம் நின்றது. கொசு ஊசியைப் பார்க்கவில்லை. அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது குத்துவாள் என்று காத்துக்கொண்டு.

"பஞ்சை அழுத்திப் பிடி" என்றாள் அக்கா. குழாய் நிரம்பியிருந்தது.

கொசு குனிந்து தன் கையைப் பார்த்தாள். அக்கா பழக்கதோஷத்தில் குழாயை நாலு தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, பெயர் எழுதி, ஸ்டாண்டில் நிறுத்தினாள். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே, மேற்பார்வையாளர் அங்கே நிற்கவே இல்லை என்பதுபோலக் கேட்டாள்:

"அந்த ரெண்டாவது குழாய் போன வண்டி... நான் உன்னைவிடக் குட்டையாச்சே. எனக்குக் கால் தரையில எட்டுமா?"

"வாங்க, உக்காந்து பாத்துருவோம்" என்று எழுந்தாள் கொசு. முன்மேசையில் டோக்கனுக்கு ஐந்தாறு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் டோக்கன் கட்டை எடுத்து மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.